நாற்பதைத் தொட்ட கண்களும் பீஸ் ரேட் கூலியும்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், ஏணி வழியே ஏறிச் செல்ல வேண்டிய மாடியறைகளில் தையற்கூடங்கள் இயங்குகின்றன. ஊசியில் நூல் அறுந்தால், நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளி அருகில் இருக்கும் இளைஞனிடம் ஊசியை நீட்டி, “தம்பி, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடுப்பா” என்பார். அந்த இளைஞனுக்கும் பீஸ் ரேட்தான். தன் கை நின்றால் தன் கூலியும் நிற்கும் என்பதை அறிந்தவன் அவன். சில மாதங்கள் மறுக்காமல் செய்து கொடுப்பான். பிறகு முகம் சுளிப்பான். காஜா எடுப்பதில் பிசகு, தையல் கோணல், திரும்பி வந்த சரக்கு என்று புகார்கள் சேர்ந்ததும், மூத்தவர் மூட்டை கட்டும் வேலைக்கு மாற்றப்படுவார். அவரை யாரும் வேலைநீக்கம் செய்வதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் பழகிய கைத்திறன் அப்படியே இருக்க, கூலி மட்டும் இறங்கிவிடும்.

அவருக்கு வந்திருப்பது நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது ஏற ஏற இறுகுகிறது. அருகிலுள்ள பொருளுக்கு ஏற்ப வளையும் ஆற்றலை இழக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கும் இது நேர்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் இதன் தொல்லை மிகும். தாராவிப் பட்டறைகளின் வெளிச்சம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவையில்லை. ஒரு ப்ளஸ் பவர் கண்ணாடி போதும்.

இக்குறைக்கு மொழிகள் இட்ட பெயர்கள் கவனிக்கத்தக்கவை. மராத்தியில் ‘சாளிஷி’ என்றால் நாற்பது வயதும் உண்டு, அவ்வயதில் போடும் கண்ணாடியும் உண்டு. தமிழில் வழங்கும் ‘சாளேசுரம்’ என்ற சொல்லும் அந்த நாற்பதின் உறவே என்பர். தமிழின் மற்றொரு சொல் ‘வெள்ளெழுத்து’. எழுத்து மங்கித் தெரிகிறது என்று குறைப்படுபவர் ஏட்டைப் படிப்பவர்தாமே! ‘படிக்கும் கண்ணாடி’ என்ற வழக்கிலும் அதே பார்வைதான். அரிசியில் கல் பொறுக்குபவருக்கும், தோலில் தையல் போடுபவருக்கும், ஜரிகை வேலை செய்பவருக்கும், பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை ரகம் பிரிப்பவருக்கும் மங்குவது எழுத்தன்று. அவர்களுக்கு மங்குவது அன்றாடக் கூலி. பெயரிலேயே உழைப்பாளி விடுபட்டுப் போனதால், கோரிக்கைப் பட்டியலிலும் விடுபட்டுப் போனார் போலும்.

தாராவிக்கு அருகிலேயே இருக்கிறது மாதுங்கா. அங்கே குடியேறிய தமிழ் எழுத்தர்களும் கணக்கர்களும் நாற்பது வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். சட்டைப் பையில் பேனாவைப் போல அது உடன் இருந்தது. அதே மாற்றம் தாராவியின் தமிழருக்கும் செம்பூரின் குடிசைப் பகுதியிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் நேரும்போது, “கண் போயிடுச்சு” என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. குறிப்பாகப் பெண்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கணவரின் மருந்து எல்லாம் போக மிஞ்சினால்தான் தம் கண்ணைப் பற்றி எண்ணுகிறார்கள். மிஞ்சுவது அரிது.

இந்த இழப்பு எவ்வளவு என்பதை இரண்டு ஆய்வுகள் அளந்து காட்டின. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஏட்டில் வெளிவந்தன. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் எடை, பெறாதவர்களைக் காட்டிலும் கூடுதலாக 21.7 விழுக்காடு உயர்ந்தது. வங்கதேசக் கிராமங்களில் 35 முதல் 65 வயது வரையிலான 824 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2024-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியானது. எட்டு மாதங்களில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் (இடைநிலை அளவு) 35.3 டாலரிலிருந்து 47.1 டாலராயிற்று; பெறாதவர்களின் வருமானம் இருந்த இடத்திலேயே நின்றது. வேறுபாடு 33.4 விழுக்காடு.

இவ்விரு எண்களையும் அறக்கட்டளைகளும் ஏடுகளும் அருகருகே வைத்து மகிழ்வது வழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வங்கதேசத்தில் அளக்கப்பட்டது உழைப்பவர் கைக்கு வந்த பணம். அஸ்ஸாமில் அளக்கப்பட்டது கூடையின் எடை. நாட்கூலியும், நிர்ணய அளவுக்கு மேல் பறித்தால் சிறு ஊக்கத்தொகையும் பெறுகிற தோட்டத் தொழிலாளியின் கூடையில் ஏறிய எடை முழுவதும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. தோட்ட நிர்வாகத்துக்குக் கண்ணாடி என்பது மலிவான இயந்திரம். தாராவியின் பீஸ் ரேட் தொழிலாளி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். பார்வை திரும்பினால் அவர் கூடுதலாகத் தைப்பார், கூடுதலாகப் பெறுவார். ஆனால் எல்லோரும் கூடுதலாகத் தைக்கத் தொடங்கிய பின் பீஸுக்கான விலையை ஒப்பந்தக்காரர் குறைக்காமல் இருப்பாரா என்பதை அங்குள்ள சங்கத்தின் வலிமையே தீர்மானிக்கும். ஆகவே கண்ணாடிக் கோரிக்கையும் கூலிக் கோரிக்கையும் சேர்ந்தே எழ வேண்டியவை. கண்ணாடி முகாம்களை ‘தொண்டு நிறுவன வேலை’ என்று ஒதுக்கிவிடும் தோழர்களும் இதைக் கருத வேண்டும்.

எங்கெல்ஸ் அப்படி ஒதுக்கவில்லை. 1845-இல் வெளியான ‘இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை’ நூலில் லேஸ் வேலை செய்த சிறுமிகளின், ஆடை தைத்த இளம்பெண்களின் கண்கள் கெட்டுப்போவதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். முதலாளிக்கு வேலையைக் கொடுத்துவிட்டு இருட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்ற அப்பெண்கள், கூலிக்கணக்கைப் போலவே அவருக்கு முக்கியமானவர்களாக இருந்தார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியபோது, 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்பதைப் பெருமிதத்தோடு அறிவித்தது. வெள்ளெழுத்து தொடங்கும் வயதே அது! ஆனால் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, பொதுவாக, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே உரியது. ஆறு பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் மாடியறைப் பட்டறை அந்தக் கணக்கில் வராது. வீட்டிலிருந்து உழைக்கும் பெண் வரவே மாட்டார். தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமைகளைப் பறித்த தொகுப்புகள், கொடுத்ததாகச் சொல்லும் சிறு சலுகையையும் தேவைப்படுவோரின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன.

பொதுச் சுகாதாரத் துறையிலும் இதே இடைவெளிதான். 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் கண்புரை அறுவை சிகிச்சையில் பெரும் பணி செய்தது, அதை மறுப்பதற்கில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி உண்டு. முதியோருக்கு அண்மைப் பார்வைக் கண்ணாடி வழங்குவதும் திட்ட ஆவணங்களில் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கும் முதியவருக்கும் நடுவே, வீட்டின் அடுப்பை எரியவிடும் நாற்பத்தைந்து வயதினருக்கு இடமில்லை. தெலங்கானா ‘கண்டி வெலுகு’ திட்டத்தின் மூலம் 2018 ஆகஸ்ட் 15 முதல், வயது வேறுபாடின்றி ஊர்தோறும் முகாமிட்டுக் கண் பரிசோதித்துக் கண்ணாடி வழங்கியது. 2023 ஜனவரியில் கம்மத்தில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது கேரள முதல்வராகப் பினராயி விஜயனும் மேடையில் இருந்தார். ஒரு மாநில அரசால் செய்ய முடிந்ததை, நாட்டின் செல்வ வளம் மிக்க மாநகராட்சி தாராவியில் செய்ய இயலாது என்பது நம்பத்தக்கதன்று.

2025 செப்டம்பரில் கண்ணாடி மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லது. எட்டாண்டுகள் பார்வைத் திருத்தத்தின் மீது 12 விழுக்காடு வரி வாங்கியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தாராவியில் இன்னோர் அவசரமும் இருக்கிறது. 2023 ஜூலையில் மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு அதானி குழுமத்திடம் ஒப்படைத்தது. 2000 ஜனவரி 1 என்ற வரம்பு நாளுக்குள் வராதவர்களுக்கும் மாடியறைகளில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம் என்பதே ஏற்பாடு. ஊசி கோத்துக் கொடுக்கும் தம்பியும், குறை தெரிந்தும் வேலை தரும் பழகிய மாஸ்டரும் இருக்கும் சந்தைவிட்டுப் பெயர்க்கப்படும் ஐம்பது வயதுக்காரருக்குப் புதிய இடத்தில் யார் வேலை தருவார்?

தாராவிக் கிளைகளும் தையல், தோல், வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்களும் உடனே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. உறுப்பினர் பதிவின்போது வயதோடு சேர்த்து, ஊசி கோக்க முடிகிறதா என்ற ஒரு கேள்வியையும் கேட்டுப் பதிவு செய்யலாம். நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி பலருக்கும் உதவும். ஆனால் முறையான பரிசோதனையில்தான் கண்ணழுத்த நோயும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைச் சிதைவும் பிடிபடும் என்பதால், மாநகராட்சி மருந்தகங்களில் கண் பரிசோதகரை நியமிக்கக் கோர வேண்டும். அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது, பட்டறைக்குள் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்ற கணக்கும் உடன் இருக்கட்டும்.