கிராபிக்ஸ் கார்டு விலை ஏன் ஏறியது? வாங்கிய பிறகு அதை விரட்டலாமா?

மணப்பாறைக்காரர்களுக்கு மாடு வாங்கச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

அதே வீடுகளில் இப்போது வேறு ஒரு பேச்சு கிளம்பி இருக்கிறது.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும்" என்கிறான் பையன். "எவ்வளவு?" என்று கேட்டால், முப்பதாயிரம் என்கிறான்! முழு கம்ப்யூட்டரையே அந்த விலைக்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு.

கார்டுக்குப் பல் இல்லை. சுழி இல்லை. எதைப் பார்த்து வாங்குவது? விலை ஏன் இப்படி நிற்கிறது? வாங்கிய மறுநாளே "ஓவர்கிளாக் செய்யப் போகிறேன்" என்கிறானே, அது என்ன?

வீட்டுப் பணம் போகிற காரியம். எனவே, கொஞ்சம் விவரமாகவே பார்த்து விடுவோம்.

ஆயிரம் கை வேலை

கம்ப்யூட்டருக்குள் பிராசஸர் என்று ஒன்று இருக்கிறது. அது தலைமைச் சமையல்காரர் மாதிரி. சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால், "இன்று மாலைக்குள் ஒரு லட்சம் முறுக்கு பிழிந்து கொடு" என்றால் அவர் என்ன செய்வார்? கெட்டிக்காரர்தான். கை இரண்டுதானே!

அந்த வேலைக்கு நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து பிழிய வேண்டும். அவர்களுக்கு சாம்பார் வைக்கத் தெரிய வேண்டியது இல்லை. முறுக்கு பிழியத் தெரிந்தால் போதும். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை இப்படிப்பட்ட கைகள்தான்.

கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. ஒரே மாதிரியான சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் போடும்.

எதற்கு அவ்வளவு கணக்கு? கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளி, உயரவாக்கில் 1080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டில் படம் நொடிக்கு 60 தடவை மாற வேண்டும். அப்படியானால், ஒரு நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும்!

2025 மே மாதம் என்விடியா கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த 'ஆர்.டி.எக்ஸ். 5060' என்ற கார்டில் இப்படிக் கணக்குப் போடும் குட்டிப் பகுதிகள் 3840 இருக்கின்றன. இது ராட்சசக் கார்டு அல்ல. நடுத்தரக் குடும்பத்துக் கார்டு. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 299 டாலர்.

படம் வரைய வந்தது, பாடம் படித்தது

விலை ஏறிய கதைக்கு வருவோம்.

இந்தக் கார்டுகள் விளையாட்டுக்காகப் பிறந்தவை. 1999-ல் என்விடியா வெளியிட்ட 'ஜிபோர்ஸ் 256' என்ற கார்டுக்குத்தான் 'ஜி.பி.யு.' என்ற பெயரை அந்தக் கம்பெனி பெரிய அளவில் விளம்பரம் செய்தது.

2012-ல் ஓர் அதிசயம் நடந்தது. கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர், இரண்டு விளையாட்டுக் கார்டுகளை வைத்துக் கொண்டு, 12 லட்சம் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, "இது நாய், இது பூனை" என்று கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். கற்று முடிக்க ஐந்தாறு நாள் ஆயிற்று. படத்தை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களை வெகு தூரம் பின்னால் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் ஜெப்ரி ஹிண்டன். அவருக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றிலிருந்து கார்டுக்குப் புது வாடிக்கையாளர்கள் வந்து விட்டார்கள். பையன்களோடு போட்டி போடுவது யார் தெரியுமா? செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள்! அவர்கள் ஒன்று, இரண்டு வாங்குவது இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். 2025 அக்டோபரில் என்விடியா கம்பெனியின் பங்கு மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அதற்கு முன் அந்த உயரத்தைத் தொட்டது இல்லை.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசு 2024 மார்ச்சில் 10 ஆயிரத்து 372 கோடி ரூபாய்க்கு செயற்கை நுண்ணறிவுத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. ஆராய்ச்சிக்காரர்களும் சிறிய கம்பெனிகளும் குறைந்த வாடகைக்கு ஜி.பி.யு.க்களைப் பயன்படுத்துவது அதில் ஒரு பகுதி.

இதற்கும் நம் வீட்டுக் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் மெமரியில் இருக்கிறது. கார்டுக்கு மெமரி சில்லுகள் வேண்டும். உலகத்துக்கு வேண்டிய மெமரியில் பெரும்பகுதியை மூன்றே கம்பெனிகள்தான் செய்கின்றன. கொரியாவில் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ். அமெரிக்காவில் மைக்ரான். ஊரில் கறக்கிற பாலை இனிப்பு ஆலைக்காரர் அட்வான்ஸ் கொடுத்து மொத்தமாக எடுத்துக் கொண்டால், டீக்கடைக்காரருக்குப் பால் எங்கிருந்து வரும்? கிடைத்தாலும் என்ன விலைக்கு வரும்? 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் மெமரி விலை கிடுகிடு என்று ஏறியது இப்படித்தான். அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 'குரூசியல்' என்ற பெயரில் 29 ஆண்டுகளாக விற்று வந்த மெமரி வியாபாரத்தையே நிறுத்தி விடுவதாகச் சொன்னது! பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டுமாம்.

ஆகவே, திருச்சிக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. விலை அவர் கையில் இல்லை. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

கார்டு வேண்டுமா?

விலை இப்படி இருக்கும்போது முதல் கேள்வி, "எந்தக் கார்டு?" என்பது அல்ல. "கார்டு வேண்டுமா?" என்பதே.

டைப் அடிக்க, கணக்கு எழுத, ஆன்லைன் பாடம் கேட்க, சினிமா பார்க்கத் தனிக் கார்டு தேவை இல்லை. பெரும்பாலான பிராசஸர்களுக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. (இன்டெல் பிராசஸரின் நம்பர் 'எப்' என்ற எழுத்தில் முடிந்தால் அது இருக்காது. கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. வாங்கும்போது கவனியுங்கள்.)

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், கட்டிட வரைபடம், முப்பரிமாணப் படம் என்று பிழைக்கிறவர், பொறியியல் படிக்கிறவர், இவர்களுக்குக் கார்டு வேலைக் கருவி. மூன்று மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தால் போட்ட பணம் திரும்பி வரும். விளையாட மட்டும் என்றால், அது பொழுதுபோக்குச் செலவு. தப்பு இல்லை. ஆனால், அது பொழுதுபோக்குச் செலவு என்று தெரிந்து செய்ய வேண்டும்.

தேவை என்று முடிவானால், கார்டைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அதில் எத்தனை வாட் என்று பாருங்கள். நான் சொன்ன 5060 கார்டு 145 வாட் மின்சாரம் இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவ்வளவு இருக்காது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டியில் 500 என்று அச்சடித்திருந்தாலும், பாரம் ஏறும்போது மூச்சு வாங்கும். ஒற்றை மாட்டு வண்டியில் இரண்டு மாட்டுப் பாரம் ஏற்றுகிற கதைதான்!

மாற்ற வசதி இல்லையா? மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்குகிற கார்டுகளும் உண்டு. 2024-ல் வந்த 'ஆர்.டி.எக்ஸ். 3050' 6 ஜி.பி. கார்டு 70 வாட்தான். தனி வயர் வேண்டியது இல்லை. வேகம் குறைவு. வீடு தாங்கும்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வீடுகளில் அதிகம் காணப்படும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கரண்டு போனால், யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து படுத்து விடலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக் கொள்வதும் நல்லது.

அடுத்தது கார்டின் மெமரி. சாதாரணத் திரையில் விளையாட 8 ஜி.பி. பெரும்பாலும் போதும். வீடியோ வேலைக்கும், வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவைப் பழகிப் பார்க்கவும் 12 அல்லது 16 இருந்தால்தான் சௌகரியம். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். மெமரி போதாவிட்டால் சில வேலைகள் நடக்கவே நடக்காது.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம். பல் பிடித்துப் பார்க்கத் தெரிந்தால்!

2021 வாக்கில் 'எத்தீரியம்' என்ற கம்ப்யூட்டர் நாணயத்தைச் சம்பாதிக்கப் பலர் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் கணக்கு முறை மாறியது. கார்டுகள் வேலை இழந்தன. பெட்டி பெட்டியாகப் பழைய சந்தைக்கு வந்தன. செக்கில் பூட்டி ஓய்வில்லாமல் சுற்றவிட்ட மாடுகள் மாதிரி!

அதை விட மோசம் வேஷம் போட்ட கார்டு. மிகப் பழைய கார்டுக்குள் எழுதியிருக்கும் பெயரை மாற்றி, புதுக் கார்டு என்று கம்ப்யூட்டரையே நம்பவைத்து விற்கிறார்கள். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச புரோகிராமில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேஷம் கலைந்து விடும்.

சென்னை ரிச்சி தெருவிலோ, திருச்சியிலோ, எங்கே வாங்கினாலும் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி சத்தம், திரையில் கோடு, திடீர் இருட்டு, இவற்றைக் கவனியுங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் விரலே பிடிக்க வேண்டாம். புதுக் கார்டு என்றால் பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள்.

விரட்டினால் ஓடுமா?

இனி, ஓவர்கிளாக்.

கார்டுக்குள் ஒரு துடிப்பு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி வேலை நடக்கும். 5060 கார்டு நொடிக்குச் சுமார் 250 கோடி தடவை துடிக்கிறது. கம்பெனி வைத்த அளவுக்கு மேல் அந்தத் துடிப்பை ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். மாட்டுக்குத் தார்க்குச்சி போடுகிற மாதிரி.

ஒரு காலத்தில் இதில் நல்ல லாபம் இருந்தது. 1998-ல் இன்டெல் விற்ற மலிவான 'செலரான் 300ஏ' பிராசஸரை 300 மெகாஹெர்ட்சிலிருந்து 450-க்குப் பலர் ஏற்றினார்கள். ஒன்றரை மடங்கு! காசு கொடுக்காமல்!

இன்று அந்தக் காலம் போய் விட்டது. கம்பெனிகளே கார்டை அதன் எல்லைக்குப் பக்கத்தில் விரட்டித்தான் விற்கின்றன. மீதி இருப்பது ஐந்து, பத்து சதவீதம். சில பெட்டிகளில் 'ஓ.சி.' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம் ஊரில் ஓ.சி. என்றால் இனாம். இங்கேயோ அந்த இரண்டு எழுத்துக்குத்தான் கூடுதல் பணம்! கிடைப்பது பெரும்பாலும் சில சதவீத வேகம்.

ஏற்றுவதில் என்ன நஷ்டம்? சூடு.

துடிப்பை ஏற்றினால் சூடு ஏறும். துடிப்பு தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் ஏற்றினால், சூடு பெருக்கல் கணக்கில் ஏறும். துடிப்பில் 10 சதவீதம், வோல்டேஜில் 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். சில்லு செலவிடும் மின்சாரம் சுமார் 33 சதவீதம் ஏறி விடும்! 145 வாட், 190-ஐத் தாண்டும். எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா?

ஓவர்கிளாக் வித்தையை உலகத்துக்குக் காட்டுகிறவர்கள் குளிர் நாட்டிலோ, ஏ.சி. அறையிலோ இருக்கிறார்கள். போட்டிக்காரர்கள் திரவ நைட்ரஜனையே ஊற்றுகிறார்கள். மணப்பாறை அப்படியா? சித்திரை, வைகாசியில் திருச்சிச் சீமையில் வெயில் 40 டிகிரியை எட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இரவிலும் அனல் அடங்காது. கார்டு 80 டிகிரிக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதாவது, நீங்கள் ஏற்றியதை வெயில் இறக்கி விடும்! மார்கழியில் நன்றாக ஓடிய அளவு சித்திரையில் திரையை இருட்டாக்கும். பாதி எடிட் செய்த கல்யாண வீடியோ அப்போது திறந்திருந்தால், நஷ்டம் கார்டோடு நிற்காது.

கார்டு உடனே எரிந்து விடும் என்று பயமுறுத்த வேண்டியது இல்லை. காவல் ஏற்பாடுகள் உள்ளே இருக்கின்றன. ஆனால், ஓவர்கிளாக் செய்து கெட்டது என்று தெரிந்தால், கம்பெனி வாரண்டி தர மறுக்கலாம்.

பையன் ஆசையைத் தடுக்கவும் வேண்டாம். அதே புரோகிராமை வைத்துக் கொண்டு எதிர்ப்பக்கம் போகச் சொல்லுங்கள்!

இதற்கு 'அண்டர்வோல்ட்' என்று பெயர். தொழிற்சாலையில் எல்லாச் சில்லும் ஒரே தரமாக அமைவது இல்லை. மட்டமான சில்லும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் அதிகமாகவே வோல்டேஜ் வைத்து விடுகிறார்கள். உங்கள் சில்லு நல்ல சில்லாக இருந்தால், அந்த அதிகப்படியைக் குறைக்கலாம். வேகம் அப்படியே இருக்கும், அல்லது துளி குறையும். முன் சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இரண்டிலும் 10 சதவீதம் இறக்கினால், மின்சாரம் சுமார் 27 சதவீதம் குறைகிறது. விசிறி இரைச்சலும் குறையும்.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவை நோட்டில் எழுத வேண்டும். தடுமாறினால் முந்தின அளவுக்குத் திரும்ப வேண்டும். ஓவர்கிளாக்கில் கற்கிற அதே வித்தைதான் இது.

அம்மாவும் இதில் ஒரு கணக்குப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் முழுவதுமாக 300 வாட் இழுத்து, தினம் 4 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பையன் 60 வாட் குறைத்துக் காட்டினால், அதில் 14 யூனிட் மிச்சம்.