பாலா படம் பிடிக்கலைன்னா ரசனை இல்லையா?

லீவு நாளில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் சேர்ந்தால், பேச்சு எப்படியும் சினிமாவுக்கு வந்துவிடும். "இயக்குநர் பாலா படங்கள் எனக்குப் பிடிக்காது" என்று அங்கே சொல்லிப் பாருங்கள். "அப்ப உனக்கு மசாலா படம்தான் சரி" என்று ஒருவர் கேஸை மூடிவிடுவார். அவ்வளவு சீக்கிரம் மூடுகிற கேஸ் இல்லைங்க இது.

முதலில் அவருக்கு உரியதைக் கொடுத்துடறேன். 1999-ல் வந்த 'சேது'தான் விக்ரமை நமக்குக் காட்டிய படம். 'பிதாமகன்' அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 'நான் கடவுள்' படத்துக்காக பாலாவுக்கே சிறந்த இயக்குநர் தேசிய விருது கிடைத்தது. மற்றவர்கள் எட்டிப் பார்க்காத சுடுகாட்டுக்கும் பிச்சைக்காரர்கள் நடுவிலும் கேமராவைக் கொண்டுபோனவர். இதிலெல்லாம் எனக்குத் தகராறே இல்லை.

என் பிரச்னை வேறு. 'சேது'வில் அபிதா சாகிறாள். 'பிதாமகன்'ல நம்மை அத்தனை சிரிக்க வைத்த சூர்யா சாகிறார். 'அவன் இவன்'ல ஹைனஸ். இப்போதெல்லாம் அவர் படத்தில் ஒருத்தரைப் பிடித்துப்போனாலே, "இவரும் போயிடுவார்"னு மனசு கணக்குப் போடுது.

'நான் கடவுள்' முடிவு இன்னும் உறுத்துகிறது. அந்தப் பிச்சைக்காரர்கள் ஆடிப் பாடிக் கலாட்டா பண்ணும்போது எவ்வளவு உயிர் இருக்கு! ஆனால், பார்வையில்லாத அம்சவல்லிக்குக் கடைசியில் படம் தரும் விடுதலை, ருத்ரன் கையால் சாவு. உடல் ஊனத்தோடு வாழ்கிற ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

வளைகுடாவில் இருக்கிற நமக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது 2013-ல் வந்த 'பரதேசி'. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அடிப்படை. கங்காணி ஊருக்கு வந்து ஆசை காட்டுகிறான், நம்பிப் போனவர்கள் கடனில் மாட்டித் திரும்ப முடியாமல் தவிக்கிறார்கள். கங்காணியை ஏஜென்ட்னு மாத்திப் படிச்சா, இங்கே வந்த பலரோட கதை.

ஆனால் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் நான் பார்க்கிற அண்ணன்மார் வேறு மாதிரி. ரெண்டு மாசமா சம்பளம் வராதவரும், சாம்பாரில் உப்பு ஜாஸ்தின்னு சமைச்சவரைக் கலாய்ப்பார். சீட்டுப் பணத்துக்குச் சண்டை போடுவார். வீடியோ காலில் மகளோட வீட்டுப்பாடத்தைக் கேட்பார். கஷ்டம் இல்லைன்னு சொல்லல. இதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தக் கஷ்டத்தைத் தாண்டுறாங்க. 'பரதேசி'யில் ஊரை விட்டுக் கிளம்பும்வரை இருந்த சிரிப்பு, தோட்டத்துக்குள் போனதும் நின்றுவிடுகிறது. காதலியும் குழந்தையும் அதே நரகத்துக்கு வந்துசேர, ராசாவின் கதறலோடு படம் முடிகிறது.

"வலியைக் காட்டினா வலிக்கத்தான் செய்யும்"னு பாலா ரசிகர்கள் சொல்வார்கள். சரிதான். பென்யாமின் எழுதிய 'ஆடுஜீவிதம்' வலிக்காத கதையா? ஆனால் அந்தப் பாலைவனத்திலும் நஜீப் ஆடுகளுக்குப் பேர் வைக்கிறான், அதுகளோடு பேசுகிறான். அடி வாங்குகிறவனுக்குள் ஒரு முழு மனுஷன் இருப்பது நமக்குத் தெரிகிறது.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கேம்ப்பில் இருக்கிறவர் படம் பார்த்துட்டு, "இது நான்தான்"னு சொல்லணும். ஏசி தியேட்டரில் உட்கார்ந்து நாம "ஐயோ பாவம்"னு சொல்றது மட்டும் போதாது.