தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும்

கிண்டி சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபத்தைக் கடந்து செல்லாத சென்னைவாசி அரிது. உள்ளே நுழைந்து பார்த்தவரும் ஏறத்தாழ அவ்வளவு அரிது. நாமும் பல்லாண்டுகள் கடந்து செல்பவராகவே இருந்தோம். அண்மையில் ஒரு சனிக்கிழமை, அப்பகுதியில் நாம் கலந்துகொள்ளவிருந்த கூட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. மரநிழல் தேடி அவ்வளாகத்தினுள் சென்று அமர்ந்தோம். நம் கைப்பையில் மாணவி ஒருத்தியின் விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் ஒரேயொரு கட்டம் நிரப்பப்படாமல் கிடந்தது: குடும்பப் பெயர்.

அந்தக் கட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. சாலையின் பெயர் படேல். மண்டபத்தின் பெயர் காந்தி. இரண்டுமே குடும்பப் பெயர்கள். படேல் என்பது ஊர்த்தலைமையைக் குறித்த பட்டம். காந்தி என்பது மளிகை வணிகத்தைக் குறித்த தொழில்வழிப் பெயர் (இலக்கணத்துத் தொழிற்பெயர் அன்று, மாணவர்கள் குழம்ப வேண்டா). வல்லபபாய் என்றும் மோகன்தாஸ் என்றும் பெற்றோர் இட்ட பெயர்களை நாம் எளிதில் நினைவுகூர்வதில்லை. ஆனால் அதே வளாகத்தினுள் நினைவிடம் கொண்டுள்ள நம்மவர் நால்வரைப் பாருங்கள். இராஜாஜி, காமராசர், பக்தவத்சலம், இரட்டைமலை சீனிவாசன். இவர்களுள் ஒருவரையும் நாம் குடும்பப் பெயரால் அழைப்பதில்லை. அவரவர் பெயரே அவரவர்க்கு. முன்னால் ஓர் எழுத்தோ தந்தையின் பெயரோ நிற்கும், அவ்வளவுதான்.

காந்தி மண்டபத்தை 1956இல் திறந்து வைத்தவர் இராஜாஜி. பின்னாளில் அவருக்கும் அங்கேயே நினைவிடம் அமைந்தது. சம்பந்திகள் இருவரும் இன்று அண்டை வீட்டார்! இராஜாஜியின் மகள் இலட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாஸும் 1933இல் புனேயில் மணம் புரிந்தனர். அவர்களின் மக்கள் இராஜ்மோகன் காந்தி, இராமச்சந்திர காந்தி, கோபாலகிருஷ்ண காந்தி ஆகியோர் எழுத்திலும் மெய்யியலிலும் ஆட்சிப் பணியிலும் பெயர் பெற்றவர்கள். மூவரும் 'காந்தி'கள். தாய்வழிப் பாட்டனாரின் பெயர் அவர்கள் பெயரின் பின்னே எங்கும் இல்லை. 'இராஜ்மோகன்' என்பதில் இரு பாட்டனாரும் கைகோத்து நிற்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு. அது நம் ஆசையாகவும் இருக்கலாம்.

மேற்கு வங்க ஆளுநர்களின் வரிசையை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1947 ஆகஸ்டில் அப்பொறுப்பை ஏற்றவர் இராஜகோபாலாச்சாரி. 2004இல் அதே பொறுப்பை ஏற்றவர் கோபாலகிருஷ்ண காந்தி. பாட்டன் இருந்த இடத்தில் பேரன். ஆனால் பட்டியலைப் படிக்கும் ஒருவருக்கு இரண்டாம் பெயரைக் கண்டதும் நினைவுக்கு வருபவர், அந்நாற்காலியில் ஒருநாளும் அமராத மற்றொரு பாட்டனார்தாம். குடும்பப் பெயர் செய்யும் வேலை இதுதான். ஒருவழி உறவை உரத்துச் சொல்லும். மறுவழி உறவை ஓசையின்றி அழித்துவிடும்.

இராஜாஜிக்கும் குடிப்பெயர் இல்லாமலில்லை. 'சி.' என்பது சக்கரவர்த்தி. அவருடைய தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர். ஆனால் நம் வழக்கப்படி அது பெயரின் முன்னே போய், ஓர் எழுத்தாய்ச் சுருங்கி, மறந்தும் போயிற்று. சக்கரவர்த்திகள் தெருவுக்குத் தெரு இருக்கும் வங்கத்திற்குத் தம் சக்கரவர்த்தியை ஒற்றை எழுத்தில் ஒளித்துக்கொண்டு ஆளுநராய்ப் போனவர் அவர்!

குடும்பப் பெயர் ஒன்றாய் இருந்தால் உறவும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பெரோஸ் காந்திக்கும் காந்தியடிகளுக்கும் குருதி உறவு கிடையாது; எனினும் அப்பெயர் இந்திராவின் வழியே தலைமுறைகளைத் தாண்டிற்று. தமிழ்நாட்டிலோ வேறொரு விந்தை. பிறர் குடும்பப் பெயர்களை எடுத்து நாம் பிள்ளைகளுக்கு இடுபெயராக்கிக் கொண்டோம். காந்தி, நேரு, போஸ் என்னும் பெயர்களோடு நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கும் முன்னால் தந்தையின் தலைப்பெழுத்து ஒன்று தவறாது நிற்கும். உருசியத் தலைவர் ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர் ஸ்டாலின். அது 1953இல் சென்னையில் பிறந்த ஒரு குழந்தைக்கு இயற்பெயராகி, அடுத்த தலைமுறையில் உதயநிதி ஸ்டாலின் எனப் பின்பெயராகவும் ஆகியிருக்கிறது. சொற்களின் பயணத்தை ஆராய்வோர் இதை விட்டுவிடக் கூடாது.

பெயருக்கு முன்னே அடையாளத்தை வைக்கும் பழக்கம் ஆங்கிலேயர் கொடுத்ததன்று. எழுத்தாய்ச் சுருக்கும் உத்தி வேண்டுமானால் அவர்கள் வழியே வந்திருக்கலாம். சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஊர், தந்தை, தொழில் என எது வந்தாலும் முன்னேதான் வரும். இறுதியில் நிற்பவர் அந்த மனிதரே. ஒக்கூர் மாசாத்தனாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் ஊரைப் பகிர்ந்துகொண்டனர்.

பகிர்ந்துகொள்ளும் ஆசை தமிழருக்கு இல்லை என்பதன்று. நாம் அதை வேறு வழியில் நிறைவேற்றிக்கொண்டோம். 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கி வருபவன் அவன். உலகறிந்த சான்று ஒன்று சொல்லலாம். சி. வி. இராமனின் 'சி.' அவர் தந்தையாரான சந்திரசேகரரைக் குறிப்பது. இராமனின் தமையனார் சுப்பிரமணியனின் மகன் சந்திரசேகர், பாட்டனார் பெயரைப் பெற்ற பெயரன். சிற்றப்பாவுக்கு 1930இல் நோபல் பரிசு. அண்ணன் மகனுக்கு 1983இல். பரிசு பெற்றோர் அகராதியில் ஒருவர் 'இராமன்', மற்றவர் 'சந்திரசேகர்'. உறவென்று காட்ட ஏதுமில்லை. ஆனால் ஒருவருக்கு முதலெழுத்தாய் இருப்பவரே மற்றவருக்கு முழுப்பெயராய் இருக்கிறார். 1999இல் அமெரிக்கர் விண்ணில் செலுத்திய 'சந்திரா' ஊடுகதிர் நோக்ககம் சுமந்து செல்வது, ஒருவகையில், அந்தப் பாட்டனாரின் பெயரையுந்தான்.

ஈழத்திலும் இது காணப்படுவது. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் உடன்பிறந்தோர். பொன்னம்பலம் அவர்கள் தந்தை. பின்னர் வந்த ஜி. ஜி. பொன்னம்பலத்திற்கு அது இயற்பெயர். அவர் மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று வரும்போது அதுவே குடும்பப் பெயர். ஒரே சொல், மூன்று வேலை.

இனி அந்தப் படிவத்திற்கு வருவோம். நம் மாணவி மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல இடம் கிடைத்தவள். கடவுச்சீட்டுக்கு அப்போதுதான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். குடும்பப் பெயரின்றி ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு வாங்கலாம். சிக்கல் பிறகு வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா நுழைவிசைவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது நினைவிருக்கும். தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். கணிப்பொறிக்கு இரண்டு கட்டம் நிரம்ப வேண்டும். நமக்கு ஒரு கட்டத்துப் பெயரே உண்டு.

மாணவிக்கு உதவிய முகவர் ஒருவர் எளிய வழி சொல்லியிருக்கிறார். "உங்க தாத்தா பத்திரத்துல ஒரு பட்டம் போட்டிருப்பாரே, அதைப் போடும்மா. வெளிநாட்டுல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க. பார்க்கவும் கௌரவமா இருக்கும்."

பட்டம் என்று அவர் நயமாகச் சொன்னது சாதிப் பெயரை. இந்த அறிவுரையை அவர் மட்டும் சொல்லவில்லை. அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் பலர், பாட்டன் காலத்தில் கழற்றிப்போட்டதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி மாட்டிக்கொள்கிறார்கள். கழற்றியது எளிதில் நடந்ததன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானம் செய்தது; பலர் விட்டனர். பொதுவாழ்வில் பெயரோடு சாதி ஒட்டாத ஒரு நிலம் இந்தியாவில் உண்டென்றால் அது இதுதான் என்னும் பெருமை நமக்கு உண்டு. ஒரு படிவத்தின் வெற்றுக் கட்டத்திற்காக அதை விட்டுக்கொடுப்பது நமக்கு உடன்பாடன்று.

ஆனால் இறந்தோரின் பெயரைத் திருத்துவதும் நமக்கு உடன்பாடன்று. 2021இல் பாடநூல்களில் உ. வே. சாமிநாதையர் 'உ. வே. சாமிநாதர்' ஆகியிருந்தது பெருஞ் சர்ச்சையானது. நூலின் முகப்பில் அவரே அச்சிட்ட பெயர் ஓர் ஆவணம்; சுவடிக்குச் சுவடி பாடம் ஒப்பிட்டு வாழ்ந்தவரின் பெயரிலேயே பாடத்தை மாற்றுவதா? 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. அதே மாதம் கோவையில் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு பெயர் இடப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்து நகைத்தவர் பலர். நமக்கு நகைப்பு வரவில்லை. உயிரோடிருப்போர் தாமே விடுவது வேறு, மறைந்தோரிடமிருந்து நாம் பறிப்பது வேறு.

தமிழ் வழக்கு இதற்கு ஆணையின்றியே வழி கண்டிருந்தது. உ.வே.சா., வ.உ.சி., திரு.வி.க. என்று சொல்லும்போது ஐயரும் பிள்ளையும் முதலியாரும் யாரும் வெட்டாமலே உதிர்ந்துவிடுகின்றனர். ஊர் மக்கள் அன்பினால் செய்த சுருக்கம் இது. நாம் ஊர்ப்பெயருக்கும் தலைப்பெழுத்து வைப்பவர்கள்: தி. நகர், கே.கே. நகர். தியாகராயச் செட்டியாரின் பெயரால் அமைந்த நகரில் செட்டியாரைத் தேடுவோர் இல்லை.

எனினும் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வளாகத்தில் நினைவிடம் கொண்ட இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. பிறர் இழிவாய்ச் சொன்னதை அவர் தலைப்பில் அச்சிட்டு விற்றார். சாதிப் பெயரை உயர்வென்று ஒட்டிக்கொள்வதும், இழிவென்று ஒளிக்க மாட்டேன் எனத் துணிந்து உரைப்பதும் ஒன்றாகா. அதையும் அவர் இதழுக்கே வைத்தார். தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டது தந்தையின் பெயரான இரட்டைமலையை.

உலகில் நாம் மட்டும் தனித்தவரல்லர். ஐசுலாந்தில் இன்றும் பெரும்பாலோர்க்குத் தந்தை அல்லது தாய் பெயரே அடுத்த பெயர். தொலைபேசிக் கையேட்டையே இயற்பெயர் வரிசையில் அச்சிட்டவர்கள் அவர்கள். மலேசியத் தமிழர் அடையாள அட்டையில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும். துருக்கியோ 1934இல் சட்டமியற்றி எல்லார்க்கும் குடும்பப் பெயர் கொடுத்தது. கெமாலுக்குக் கிடைத்த 'அத்தாதுர்க்' என்னும் பெயரை வேறெவரும் வைத்துக்கொள்ளவும் தடை விதித்தார்கள். எவரோடும் பகிர முடியாத குடும்பப் பெயர்!

நம் தலைப்பெழுத்து முறையை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் குறையையும் மறைப்பதற்கில்லை. அந்த எழுத்து தந்தையினுடையது. பெண்ணுக்கு மணமானால் கணவருடையது. தாய் எங்கே? தாயின் பெயரையும் தலைப்பெழுத்தாகக் கொள்ளலாம் என்பது நெடுநாளாய் ஏற்கப்பட்டதே. 2016 டிசம்பரில் வந்த விதிமாற்றத்திற்குப் பின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருள் ஒருவர் பெயர் போதும். ஆயினும் வகுப்பில் சேரும் பிள்ளையிடம் "அப்பா பெயருக்கு என்ன எழுத்து?" என்றுதான் கேட்கிறோம். நாமும் கேட்டிருக்கிறோம். அம்மாணவியிடமே, முதலாண்டில், பெயர்ப்பட்டியல் எழுதும்போது கேட்டோம். அவள் ஒரு நொடி தயங்கிச் சொன்னாள். அத்தயக்கத்தின் பொருள் மூன்றாண்டுகள் கழித்துத்தான் நமக்குத் தெரிந்தது. தந்தை அவளுடைய நான்காம் வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டவர். கிண்டித் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் கூடமொன்றில் வேலை பார்த்து அவளை வளர்த்தவர் தாய்.

"ஐயா, தாத்தா பட்டமும் வேணாம், அப்பா பேரும் வேணாம். அம்மா பேரைப் போட்டா தப்பா?" என்றாள்.

தப்பில்லை என்றோம். ஆனால் சான்றிதழ்கள் எல்லாம் தந்தையின் எழுத்தோடு இருக்குமே, மாற்ற வேண்டுமானால் அரசிதழில் வெளியிட வேண்டுமே என்று அஞ்சினோம். அவள் சிரித்தாள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. பன்னிரண்டு ஆண்டுச் சான்றிதழ்களில் நின்ற அந்த ஒற்றை எழுத்து, தான் யாருடையது என்று எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நாம் அன்று காந்தி மண்டபத்து மரநிழலில் அமர்ந்து படிவத்தை மறுபடி சரிபார்த்தோம். திங்களன்று அவளிடம் கொடுத்தபோது, எழுத்துக்கூட்டல் சரியா என்று மட்டும் கேட்டோம்.

சில மாதங்கள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அயல்நாட்டு வழக்கப்படி 'அன்புள்ள செல்வி' என்பதை அடுத்துக் குடும்பப் பெயர். அஞ்சல்காரர் வந்தபோது வீட்டில் இருந்தவர் தாய். ஆங்கிலத்தில் தம் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மகள் வரும்வரை உறையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்திருக்கிறார். "எனக்கு யாருடி வெளிநாட்டுலேர்ந்து காயிதம் போட்டிருக்காங்க?" என்று கேட்டாராம்.