கூடுதலும் இணைதலும்: சுரங்கத் தொழிற்சங்கங்களை முன்வைத்து

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகலக்கின்றன. கூடலுக்குப் பின் ஓடுவது பாலாறு என்ற ஒரே பெயரில்தான். ஏனைய இரு பெயர்களும் நம்மூரோடு முடிந்துவிடுகின்றன. தொழிற்சங்க இணைப்பு குறித்துப் பேச்செழும்போதெல்லாம் இக்கூடலே நம் நினைவுக்கு வருகிறது. எவர் பெயர் நிற்கும், எவர் பெயர் மறையும் என்ற அச்சமே பல இணைப்புகளுக்குத் தடையாக இருந்து வந்துள்ளது.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இவ்வச்சத்தை முன்பே கடந்தவர்கள். பிரிட்டனின் வட்டாரச் சங்கங்கள் பல 1889-ல் ஒரு கூட்டமைப்பாயின; அக்கூட்டமைப்பு 1945-ல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் என்னும் ஒரே அமைப்பாக மாறிற்று. அமெரிக்காவில் எதிரெதிராக நின்ற இரு அமைப்புகள் 1890-ல் கொலம்பஸ் நகரில் கூடி ஒன்றாயின. காரணம் எளியது. நிலத்தடியில் கூரை சரிந்தால், எவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர் என்று அது பார்ப்பதில்லை.

இந்தியாவில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. 1920-ல் ஏஐடியுசி தோன்றியது. 1947-ல் ஐஎன்டியுசி, 1948-ல் எச்எம்எஸ், 1955-ல் பிஎம்எஸ் என மையச் சங்கங்கள் பெருகின. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டது. அதன் எதிரொலியாக 1970-ல் சிஐடியு பிறந்தது. திராவிடக் கட்சிகளும் தத்தம் தொழிற்சங்கங்களைக் கண்டன. இப்பிளவுகளுள் எதுவும் சுரங்கத்தின் கூலிப் பிரச்சினையால் விளைந்ததன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். கட்சி அலுவலகத்தில் விழுந்த விரிசலே சுரங்க வாயில்வரை நீண்டது.

1956-ல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் வாயிலில் பறக்கும் பலநிறக் கொடிகள் இவ்வரலாற்றின் சுருக்கமே. எனினும் அக்கொடிகள் ஒன்றுசேர்ந்த நாட்களும் உண்டு. 2013 ஜூலையில், அரசுப் பங்குகளின் விற்பனையை எதிர்த்துச் சங்கங்கள் கட்சி மறந்து வேலைநிறுத்தம் செய்தன. இறுதியில் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. அந்தக் கூட்டு ஒரு போராட்டத்துக்கானது; பங்கு விற்பனையோ ஒருமுறையோடு நிற்பதன்று. 2024 மார்ச்சில் மேலும் 7 சதவீதப் பங்குகள் சந்தைக்கு வந்தன. போராட்டத்துக்கு மட்டும் கூடிப் பின் கலைவதைக் கூடுதல் என்னலாம்; இணைதல் என்று சொல்ல இயலாது.

பல சங்கங்கள் இருப்பதே சனநாயகம் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. 1984-ல் பிரிட்டன் சுரங்கச் சங்கம் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமலே வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தது. நாட்டிங்காம்ஷயர் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். மறு ஆண்டே தனிச்சங்கம் கண்டனர். நூறாண்டு முயன்று கட்டிய ஒற்றுமையும் உறுப்பினரின் வாக்கைக் கேளாதபோது உடைந்தது. ஆகவே இணைப்பு என்பது தலைவர்கள் மேடையில் கைகோத்துக் கொள்வதன்று. அது தொழிலாளரின் வாக்கால் நிகழ வேண்டும்.

அவ்வாக்கு எவருக்கு உண்டு என்பது அடுத்த வினா. நெய்வேலியில் சங்க அங்கீகாரத் தேர்தலில் வாக்களிப்போர் நிரந்தரத் தொழிலாளரே. அதே சுரங்கத்தில் உழைக்கும் பல்லாயிரம் ஒப்பந்தத் தொழிலாளர் அதற்கு வெளியே நிற்கின்றனர். சுரங்கத்துக்குத் தம் நிலத்தையே கொடுத்த குடும்பத்தினரும் அவர்களுள் உண்டு. 2020-ல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கத்துக்கே தனித்துப் பேசும் உரிமை தருகிறது. இனி இணைப்பு பற்றிய பேச்சு பெருகும். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளரை விட்டுவிட்டு எண்ணிக்கைக்காக நிகழும் இணைப்பு, பாதி ஆற்றை அணைக்கு அப்பால் நிறுத்திவிட்டுக் கூடல் என்று பெயரிடுவதற்கு ஒப்பாகும்.

நம்மூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டொன்று உள்ளது. ஆதுலர் சாலையின் மருத்துவருக்கு மட்டுமன்றி, மூலிகை கொணர்வோர்க்கும், நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும், நாவிதர்க்கும் உரிய கூலியை அது பொறித்து வைத்திருக்கிறது. மன்னனின் கணக்கிலேயே கடைநிலை ஊழியர்க்கு இடமிருந்தது. தொழிலாளரின் சங்கத்தில் அவ்விடம் இல்லாதிருப்பது தகுமா?