கர்ப்பிணிகளும் தேகப்பயிற்சியும்

நமது நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானாள் என்றால் அவளுக்கு உபதேசம் செய்யாதவர்களே கிடையாது. கிரகணத்தன்று வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்கள். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்பார்கள். குனியாதே, படியேறாதே, சும்மா படுத்திரு என்பார்கள். ஆனால் அவளுக்கு முதுகு ஏன் வலிக்கின்றது, அதற்கு என்ன செய்வது என்று சொல்ல மாத்திரம் யாரும் வருவதில்லை. அதைச் சொல்ல சாஸ்திரம் போதாது, சரீர ஞானம் வேண்டுமல்லவா?

இந்தச் “சும்மா படுத்திரு” என்கின்ற உபதேசமும் எல்லாப் பெண்களுக்கும் இல்லை என்பதைப் பழனிமலையில் ஏறிப் பார்த்தால் தெரியும். கொடைக்கானலில் வசதியுள்ள வீட்டு மருமகளைக் கட்டிலை விட்டு இறங்கவிட மாட்டார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தில் பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலிக்குப் போகின்றவளோ, நிறைமாதத்திலும் குனிந்து களையெடுத்து, விறகும் சுமந்து வீடு திரும்ப வேண்டும். ஒருத்திக்கு அசையக்கூடாது என்றும், மற்றொருத்திக்கு ஓயக்கூடாது என்றும் விதித்திருக்கின்றோம். இரண்டும் வைத்தியத்துக்கு விரோதமானவை.

இவ்விடத்தில் சில ஆண்கள், “அந்தக் காலத்துப் பெண்கள் உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், சுகமாகப் பெற்றார்கள்” என்று பெருமை பேசுவார்கள். சுகமாகவா பெற்றார்கள்? 1946-ல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் வெளியான சுகாதார அறிக்கை, இந்தியாவில் 1000 பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார்கள் செத்தார்கள் என்று கணக்குச் சொல்லுகின்றது. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் 1 லட்சம் பிரசவத்துக்கு 54 பேர். இந்த உயிர்களைக் காப்பாற்றியது உரலும் அம்மியுமல்ல. ஆஸ்பத்திரியும், நர்சும், மருந்தும், படிப்புமேயாகும். ஒரே பக்கமாகச் சுமப்பதும், மணிக்கணக்காகக் குனிவதும் வேலையே தவிர தேகப்பயிற்சி ஆகமாட்டாது.

அப்படியானால் பயிற்சி என்பது என்ன? 1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோஸப் பிலாட்டீஸ் என்பவர், முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்து சர்க்காரால் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் வளர்த்து, பிறகு நியூயார்க்கில் கற்றுக்கொடுத்த ஒரு முறை இருக்கின்றது. மூச்சோடு சேர்த்து மெதுவாக அசைவது, வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றின் உள்தசைகளைப் பலப்படுத்துவது என்பதே அதன் சாரம். கர்ப்பத்தில் வயிறு முன்னால் தள்ள, முதுகு பின்னால் வளைகின்றது. மூட்டுப் பந்தங்களும் தளர்கின்றன. பாரம் முழுவதும் இடுப்பிலும் அடிவயிற்றுத் தசையிலும் விழுகின்றது. இருமினால் சிறுநீர் கசிவதைப் பெண்கள் வெட்கப்பட்டுத் தாயிடம்கூடச் சொல்லாமல் மறைக்கின்றார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்திப் பழகினால் இது பெரும்பாலும் குறையும். (சிறுநீர் கழிக்கும்போதே அடக்கிப் பழகக்கூடாது.) இதற்கு யந்திரம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், ஒரு ஜமக்காளம் போதும்.

பிலாட்டீஸ் பேரையும் ஒரு புது மந்திரமாக ஆக்கிவிட வேண்டாம். இதைப் பற்றித் தனியாகச் செய்யப்பட்ட சோதனைகள் சிறியவை. ஆனால் பொதுவாகக் கர்ப்பகாலப் பயிற்சியால் அளவுக்கு மிஞ்சிய எடையும், கர்ப்பகால நீரிழிவும் குறைகின்றன என்பது ருஜுவானது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல், தடையில்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றது. பேச முடிகின்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதம். நாலாவது மாதத்துக்குமேல் மல்லாந்து படுத்துச் செய்வதை விட்டுவிட வேண்டும். கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். ரத்தம் பட்டாலும், நீர் கசிந்தாலும், தலை சுற்றினாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

கடும் ரத்தசோகை உள்ளவளுக்கு முதலில் வேண்டியது பயிற்சியல்ல, சோறும் கீரையும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையுமே. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை இருந்தது. நமது வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகின்றவள் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

கொடைக்கானல் சுமார் 7000 அடி உயரம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது பழக்கம். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு கோடைக்கு ஏறுகின்ற தோழர்கள், வந்த அன்றே ஏரியைச் சுற்றி நடக்க வைக்காமல் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

நிற்க, “எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று தோழர்கள் கேட்கலாம். தண்ணீர்க்குடத்தையும் விறகுக்கட்டையும் புருஷன் தூக்கினால் தினம் அரைமணி நேரம் மிச்சமாகும். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்காகக் காத்திருக்கின்ற நேரத்தில், நர்ஸம்மாளைக் கொண்டு இந்த நாலைந்து பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கச் செய்யும்படி அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது புருஷன்மார்களும் கூடப் போய், உட்கார்ந்து, பார்த்துவிட்டு வரட்டும்.