பின்னூட்டமும் பெருங்கூச்சலும்
— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'பின்னூட்டம்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது மின்னணுவியல் வகுப்பில். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் உள்ளீட்டிலேயே கொடுப்பது பின்னூட்டம். ஒரு படைப்பைக் கேட்டவர் படைத்தவருக்குத் திருப்பிச் சொல்லும் கருத்துக்கும் இன்று அதே சொல்தான் வழங்குகிறது. இரண்டுக்கும் விதி ஒன்றே என்று எனக்கு உணர்த்தியது பாடநூல் அன்று; கடல்கடந்த ஜமைக்காத் தீவின் 'டப்' இசை!

டப் என்றால் என்ன? 'ரெகே' பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பாடகரின் குரலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸ் கிதாரையும் முன்னிறுத்தி, நடுநடுவே ஒரு சொல்லையோ ஓர் இசைத்துணுக்கையோ எதிரொலியாக மிதக்கவிடும் கலை. இருக்கும் பாட்டைக் குறைத்துக் குறைத்துப் புதிதாக்குவது அதன் வழி.

அக்கலை பிறந்ததே கேட்டவர்களால்தான். 1960களின் இறுதியில் ஸ்பானிஷ் டவுன் என்னும் ஊரில் ரூடி ரெட்வுட் என்பவர் நடன இரவுகளுக்கு ஒலிபெருக்கி வைத்து இசைத்தட்டு போட்டுவந்தார். புதிய பாட்டுகளை டியூக் ரீடின் ஒலிப்பதிவுக்கூடத்தில் தனித்தட்டாக வெட்டி வாங்குவது அவர் வழக்கம். ஒருநாள் தட்டு வெட்டியவர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதைத் தூக்கி எறியவில்லை. அன்றிரவு முதலில் முழுப்பாட்டைப் போட்டார். அடுத்து, குரலற்ற தட்டைச் சுழலவிட்டார். கூட்டம் முகம் சுளித்ததா? இல்லை. விட்டுப்போன வரிகளைத் தானே பாடத் தொடங்கியது! அதன்பின் இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலில்லாப் பதிப்பை வெளியிடுவது ஜமைக்காவில் வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "குரலை நீக்குங்கள்" என்று அக்கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. முன்கூட்டிக் கேட்டிருந்தால் "வேண்டாம்" என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் வெற்றிடம் வந்தபோது அவர்கள் குரல் தானாக எழுந்தது. அதுவே உண்மையான பின்னூட்டம்.

இதை நன்கு அறிந்தவர் கிங் டப்பி எனப் புகழ்பெற்ற ஆஸ்போர்ன் ரட்டக். 1941இல் பிறந்த இவர் இசைக்கல்லூரியில் பயின்றவர் அல்லர். கிங்ஸ்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து, மின்மாற்றிகளுக்குக் காயில் சுற்றிய தொழிலாளி. 1970களின் தொடக்கத்தில், பெரிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று கழித்துவிட்ட நான்கு தடக் கலவைப் பலகையை வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். குளியலறையே பாடகர் நிற்கும் அறையாயிற்று! தாம் கலந்ததை மென்மையான தனித்தட்டில் வெட்டி நடன இரவில் போட்டுப் பார்ப்பார்கள். அத்தட்டு ஓட ஓடத் தேய்ந்துவிடும். கூட்டம் ஆர்ப்பரித்தால் ஊசியைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து போடுவார்கள். ஆர்ப்பரிக்காவிட்டால் மறுநாள் வேறு விதமாகக் கலப்பார்கள்.

எதிரொலி பிறப்பதும் பின்னூட்டத்தால்தான். காந்த நாடா முதலில் பதிவுத் தலையையும், சற்றுத் தள்ளி ஒலிப்புத் தலையையும் கடக்கிறது. நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடி, தலைகளுக்கிடையே 5 செ.மீ. இருந்தால், ஒலி கால் நொடி பிந்தி வரும். அதில் பாதியைத் திரும்பப் பதிவுத் தலைக்கே கொடுத்தால் ஒலி 1/2, 1/4, 1/8 எனத் தேய்ந்து மறையும். ஒன்றுமே திருப்பாவிட்டால் ஒருமுறை ஒலித்து அடங்கிவிடும். திருப்பும் பங்கு ஒன்றைத் தாண்டினாலோ, மூல இசையை விழுங்கிவிட்டு நாடா ஊளையிடும்! அந்தக் குமிழின் மேல் கலைஞனின் கை எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

இதை நான் பட்டறிந்தேன். நண்பன் வாசித்த கிதாரையும் தாளத்தையும் பதிந்து, அவன் மடிக்கணினியிலேயே ஒரு டப் செய்து விடுதியில் போட்டுக்காட்டினேன். "டேய், பாட்டு எங்கடா?" என்றான் ஒருவன். "எக்கோ இன்னும் ஏத்துடா" என்றான் இன்னொருவன். மூன்றாமவனுக்கு வேகம் போதவில்லை. எல்லார் சொல்லையும் கேட்டேன். எட்டு நாளில் என் இசை ஊளையாயிற்று. சொன்னவர்களுக்கே அது பிடிக்கவில்லை!

விடுமுறையில் என் தந்தைக்கு இரண்டையும் போட்டுக்காட்டினேன். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ரெகே என்ற பெயரையே கேட்டறியாதவர். முதலாவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடுவுல சத்தமில்லாம ஒரு இடம் வருதே, அங்க மனசு நிக்குதுப்பா. ரெண்டாவதுல அத ஏன் போட்டு அடச்சுட்ட?" அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, தமக்கு என்ன நேர்ந்தது என்று மட்டுமே சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் நான் திருத்த வேண்டியது முழுதும் இருந்தது.

'கலைஞன் எவர் கருத்தையும் பொருட்படுத்தக்கூடாது' என்பார் ஒரு சாரார். அப்படியானால் டப் பிறந்தே இருக்காது. 'மக்கள் கேட்பதைக் கொடுப்பதே கலை' என்பார் மறுசாரார். அப்படியானால் ரெட்வுட் அந்தத் தட்டைப் போட்டே இருக்கமாட்டார். கேட்பவர் இடும் கட்டளையைவிட, அவர் எங்கே நெகிழ்ந்தார், எங்கே எழுந்தார் என்பதையே கலைஞன் கேட்க வேண்டும் என்பது என் துணிபு. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவனுடையதே.

டப்பி 1989இல் கொலையுண்டார். 2018இல் யுனெஸ்கோ ரெகே இசையை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. நடன இரவில் கூட்டத்தின் முகம் பார்த்து வளர்ந்த இசைக்குக் கிடைத்த பெருமை அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'இதைப் படி, அதைப் படி, வேலைக்குப் போ' என்று சொல்லாத வாய் எங்கள் ஊரில் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூடவும் வேண்டாம். அத்தனை குரலையும் கேட்கிறேன். ஆனால், நண்பர்களே, குமிழின் மேல் என் கை இருக்கிறது.