காயம் செய்யாத சுத்தியல்



மூட்டுத் தளர்ந்த தேக்கு நாற்காலி ஒன்று நம்மில் பலருடைய இல்லங்களில் உண்டு. அது பாட்டனார் காலத்ததாயின், அத்தகைய மரம் இன்று எளிதில் கிடைப்பதன்று. எனினும் அதைச் செப்பனிட முற்படுங்கால் நாம் முதலில் தேடி எடுப்பது ஆணி அடிக்கும் இரும்புச் சுத்தியலையே. இரண்டு அடியில் மூட்டு உள்ளே சென்றுவிடும். ஆனால் அடி விழுந்த இடத்தில் பிறை போன்றதொரு பள்ளம் என்றென்றும் நிலைத்துவிடும். நெடுங்காலத் தேய்மானம் செய்யாத சேதத்தை ஒரு நொடியில் நாமே செய்துவிடுகிறோம். இவ்விழப்பைத் தவிர்க்க உதவுவது மென்முகச் சுத்தியல். அதைத் தேர்ந்துகொள்ளும் முறையையும் கையாளும் முறையையும் இம்மாதம் காண்போம்.

இரும்பு மரத்தின்மீது மோதும்போது அடியின் வேகம் முழுவதும் கணப்பொழுதில் சிறியதோர் இடத்தில் இறங்குகிறது. ரப்பர் போன்ற மென்பொருள் மோதும்போதோ, சுத்தியலின் முகம் சற்றே அமுங்கிக்கொடுக்கிறது. அதனால் மோதல் நீடிக்கும் நேரம் கூடுகிறது. தொடும் பரப்பு அகலுகிறது. உச்ச அழுத்தம் குறைகிறது. மூட்டு நகர்கிறது, மேற்பரப்போ கெடுவதில்லை. இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றே: சுத்தியலின் முகம் அடிபடும் பொருளைவிட மென்மையாக இருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று தழும்பேற்றே ஆகவேண்டுமாயின், அதைச் சுத்தியலே ஏற்கட்டும்.

இவ்வகைச் சுத்தியல்கள் பல. நம் தச்சர்கள் தொன்றுதொட்டுக் கையாளும் கொட்டாப்புளி அவற்றுள் முதன்மையானது. புளியமரத்தின் வைரம் போன்ற கடின மரத்தால் ஆனது அது. உளியின் மரப்பிடியை அடிப்பதற்கு இதுவே ஏற்றது. இரும்பால் அடித்தால் பிடி பிளந்து விரியும். ரப்பரால் அடித்தால் அடி எகிறி வீணாகும். எனினும் மெருகேற்றிய மரத்தின்மீது கொட்டாப்புளியால் நேராக அடிக்கலாகாது. இடையில் ஒரு துண்டுப் பலகை வேண்டும்.

ரப்பர் சுத்தியல் தரை ஓடுகளைப் பதிக்கவும், மேசை நாற்காலிகளின் மூட்டுகளைச் சேர்க்கவும் உதவும். கருப்பு ரப்பர் வெளிர்நிறப் பரப்பில் கறை விடும் இயல்புடையது. ஆதலால் வெண்ணிற ரப்பரை வாங்குக; அன்றேல் இடையே துணியை மடித்து வைத்துக்கொள்க.

நைலான் முகமுடைய சுத்தியல் ரப்பரைவிடக் கடினமானது; இறுக்கமாகப் பொருந்தியுள்ள இயந்திர உறுப்புகளைத் தட்ட உகந்தது. திருகிக் கழற்றி மாற்றத்தக்க முகங்களை உடையதாக வாங்கினால், தேய்ந்த முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பித்தளை, தாமிரச் சுத்தியல்கள் பட்டறைக்குரியவை. எஃகுத் தண்டுகளையும் பேரிங்குகளையும் கெடுக்காமல் தட்டப் பயன்படுவன. மரத்திற்கு அவை ஆகா. இவையன்றி, உள்ளீடற்ற தலைக்குள் இரும்புக் குண்டுமணிகளை நிரப்பிய ஒருவகைச் சுத்தியலும் உண்டு. அடி விழுந்ததும் குண்டுமணிகள் முன்னோக்கிச் சரிந்து எகிறலை அடக்கிவிடுகின்றன.

ஈண்டு பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. பட்டறையிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ தொழில் பழகும் மக்கள் உங்கள் வீட்டில் இருத்தல் கூடும். கடினமாக்கிய எஃகின்மீது எஃகுச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், ஊசிமுனை போன்ற சில்லு தெறித்துக் கண்ணுக்குள் பாயக்கூடும். ஒரு சுத்தியலை மற்றொரு சுத்தியலால் அடிப்பதும் அத்தகைய ஆபத்தே. நாற்காலியில் விழுந்த பள்ளத்தை இழைத்துச் சீராக்கலாம். இழந்த பார்வையை மீட்பது அரிது. ஆகவே பேரிங்கைத் தட்ட மென்முகச் சுத்தியலும், எவ்வகைச் சுத்தியலாயினும் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் வேண்டும் என்று அவர்களுக்கு எடுத்துரையுங்கள். அக்கண்ணாடியை வாங்கிக் கொடுப்பதும் பெற்றோர் கடமையே.

இல்லத் தேவைக்கு 450 கிராம் அளவான ரப்பர் சுத்தியல் ஒன்று போதும். எடை மிகக் குறைந்தால் பலமுறை ஓங்கி அடிக்க நேரிடும். ஓங்க ஓங்கக் குறி தவறும். எடை மிகுந்தால் மணிக்கட்டு தளரும். தலை ஆடாமல் பிடியில் உறுதியாக நிற்கிறதா என்று வாங்கும்போதே அசைத்துப் பாருங்கள்.

இனி நாற்காலியைக் கவனிப்போம். முதலில் மூட்டில் மறைந்துள்ள ஆணிகளையும் திருகாணிகளையும் தேடி அகற்றுக. பழைய நாற்காலிகளில் வச்சிரம் இட்டிருப்பார்கள். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின்மேல் சற்று நேரம் சுற்றி வைத்தால் அது இளகும். பின்னர் மூட்டிற்கு மிக அருகில், இருபுறமும் மாறிமாறி, மெல்லத் தட்டிக் கழற்றுக. நடுக்காலில் அடித்தால் கால் முறியும். பழைய பசையைச் சுரண்டி நீக்கி, ஈரம் உலர்ந்தபின் புதுப்பசை தடவிச் சேர்த்து, மூட்டு முற்றும் பொருந்தும் வரை தட்டுக. உடனே கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் அசையாது வைத்திருங்கள்.

ஆலயத்தில் தொண்டு புரியும் இளைஞர்களும் இதை மனத்திற் கொள்வது நன்று. ஆடும் பெஞ்சுகளை இம்முறையிலேயே செப்பனிடலாம். நசுங்கிய பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை இரும்பால் தட்டினால் ஒரு பள்ளம் போய்ப் பல பள்ளங்கள் தோன்றும். திருக்கிண்ணம் முதலிய பொன் முலாம் பூசிய பாத்திரங்களிலோ நாம் கை வைத்தலே கூடாது; பங்குத் தந்தையின் வழியாகத் தேர்ந்த கைவினைஞரிடம் ஒப்படைப்பதே முறை.

ரப்பர் சுத்தியலை வெயிலிலும், எண்ணெய் படும் இடத்திலும் போடாதீர்கள். வெயிலில் வெடிக்கும், எண்ணெயில் ஊதிக் கெடும். அதைக்கொண்டு ஆணி அடிக்கவும் வேண்டா. ஆணி குத்திய முகத்தில் மணலும் இரும்புத்தூளும் பதிந்து, அடுத்து அடிக்கும் பொருளைக் கீறிவிடும்.

1955-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். தச்சரான அப்புனிதரைத் தந்தையர் தம் முன்மாதிரியாகக் கொள்வது இயல்பே. மென்முகச் சுத்தியலின் அடி வலுவற்ற அடியன்று. மூட்டு சேரும் அளவுக்கு உறுதியானது, தழும்பு விழாத அளவுக்கு மென்மையானது. பிள்ளைகளைத் திருத்துங்கால் நாம் சொல்லும் கண்டிப்புச் சொல்லும் அவ்வாறே அமையட்டும். பிள்ளை குடும்பத்தோடு பொருந்தவேண்டும். மனத்திலோ பள்ளம் விழலாகாது.